ஹூஸ்டன் டவுன்டவுனுக்குக் கீழே ஓடும் டனல்: யாருக்குச் சொந்தம், ஏன் பூட்டுகிறார்கள்?

கேள்வி: வேலை விஷயமாக ஹூஸ்டன் போயிருந்தேன். வார நாள் மதியம் டவுன்டவுன் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கீழே இறங்கினால் சுரங்கத்துக்குள் ஒரு ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை மறுபடி போனேன், கதவு பூட்டியிருந்தது. இதைக் கட்டியது யார்? மாநகராட்சி ஏன் பூட்டி வைக்கிறது? அடிக்கடி வெள்ளம் வரும் ஊரில் இப்படித் தோண்டி வைத்திருக்கிறார்களே, ஆபத்து இல்லையா?

பதில்:

பூட்டியது மாநகராட்சி இல்லை. அந்தந்தக் கட்டடத்துக்காரர்கள்தான். ஹூஸ்டன் டனல் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதை முழுதாகத் திட்டம் போட்டுக் கட்டியவர் என்று யாரும் கிடையாது, முழுதுக்கும் சொந்தக்காரர் என்றும் யாரும் கிடையாது. ஒவ்வொரு கோபுரமும் தன் பேஸ்மென்ட்டில் ஒரு நடைவழி விட்டது. பிறகு தெருவுக்கு அடியில் ஒரு துண்டு தோண்டி எதிர்க் கட்டடத்தின் பேஸ்மென்ட்டோடு சேர்த்துக்கொண்டது. அந்த எதிர்க் கட்டடம் தனக்கு அடுத்ததோடு சேர்ந்தது. இப்படித் துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்ததுதான் இன்று ஆறு மைலுக்கு மேல் நீண்டு, 95 பிளாக்குகளைத் தொடும் வலையாக இருக்கிறது. ஆழம் தெரு மட்டத்திலிருந்து சுமார் 20 அடி. நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் அடிப்படைப் பதில் இதுதான்: அது பொதுத்தெரு இல்லை, வரிசையாகக் கதவு திறந்து வைத்த தனியார் பேஸ்மென்ட்டுகள்.

ஆரம்பம் 1930கள். டெக்சஸ் ஆளுநராக இருந்த ராஸ் ஸ்டெர்லிங், நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டருக்குக் கீழே இருந்த நடைவழியைப் பார்த்துவிட்டு வந்து தன் இரண்டு கட்டடங்களை அதேபோல் இணைத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. வில் ஹோர்விட்ஸ் என்ற தியேட்டர் முதலாளியும் அதே காலத்தில் தன் தியேட்டர்களைச் சுரங்கத்தால் சேர்த்தார். ஆனால் இவை தனித்தனி வேலைகள். வலை என்று சொல்லும்படி ஆனது 1960களுக்குப் பிறகுதான். வங்கிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் எழுப்பிய காலம் அது. 1982இல் முடிந்த 75 மாடி டெக்சஸ் காமர்ஸ் டவர் போன்ற பெரிய கோபுரங்கள் வந்தபோது, கீழே டனல் இணைப்பு என்பது லிஃப்ட், பார்க்கிங் மாதிரி எதிர்பார்க்கப்படும் வசதியாகிவிட்டது.

ஏன் அப்படி ஆசைப்பட்டார்கள் என்றால் முதல் காரணம் வெயில். ஹூஸ்டனில் கோடையில் 35 டிகிரி சாதாரணம். அதோடு மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று. கோட்டு போட்டுக்கொண்டு நாலு பிளாக் தள்ளி மீட்டிங்குக்கு நடந்தால் சட்டை பிழிய வேண்டியிருக்கும். கீழே ஏசி. இரண்டாவது காரணம் கணக்கு. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட்டை ஆபீஸாக வாடகைக்கு எடுக்க ஆள் வராது. அதே இடத்தில் தினமும் மதியம் சில ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள் என்றால் சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை, சலவைக்கடை, ஷூ பாலிஷ் போடும் ஆள், கண்ணாடிக்கடை என்று வரிசையில் நிற்பார்கள். மேலே மாடிகளை வாடகைக்கு விடும்போதும் "உங்கள் ஊழியர் மழையில் நனையாமல் போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டடம் சேர்ந்துவிட்டது, நாம் சேரவில்லை என்றால் நம் கட்டடத்துக்குத்தான் நஷ்டம். இந்தப் பயம்தான் டனலை நீட்டியது. யாரும் வரைபடம் போட்டு உட்கார்ந்து திட்டமிடவில்லை. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று பகுதி பிரிக்கும் மண்டலச் சட்டம் வைத்துக்கொள்ளாத பெருநகரம் என்று பேர் வாங்கிய ஊர் ஹூஸ்டன். அங்கே டனல் மட்டும் திட்டப்படி வளர்ந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மாநகராட்சிக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, ஒரே ஒரு இடத்தில். கட்டடத்துக்கு அடியில் உள்ளது கட்டடக்காரர் நிலம். ஆனால் தெரு பொது நிலம். அதைக் குறுக்கே தோண்டிக் கடக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். ஆக ஒரு டனல் பயணத்தில் நீங்கள் மாறி மாறி இரண்டு வகை நிலத்தில் நடக்கிறீர்கள். நீண்ட தூரம் யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட், நடுவே ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற துண்டு. நகரத்தின் கையில் இருக்கும் பிடி அந்தத் துண்டில் மட்டும்தான். கட்டடக்காரரின் பேஸ்மென்ட் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று அதை வைத்துக்கொண்டு உத்தரவு போட முடியாது. அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனையாக எழுதியிருந்தால்தான் உண்டு.

அடுத்த முறை போனால் கீழே தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள். ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தானாகத் தெரியும். பளபளப்பான கிரானைட் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று குறுக்கே நாலைந்து அங்குல அகலத்தில் ஒரு உலோகப் பட்டை. அதைத் தாண்டியதும் பழைய டைல்ஸ் அல்லது கார்ப்பெட். கூரை அரை அடி தாழும், விளக்கின் நிறம் மாறும், ஏசி குளிரும் கூட மாறும். சுவரோரம் இரண்டு கனமான கதவுகள் திறந்தபடி காந்தத்தில் ஒட்டி நிற்கும். பிறகு தரை லேசாகச் சரிந்து இறங்கும், கொஞ்ச தூரத்தில் மறுபடி ஏறும். அப்படி இறங்கி ஏறினால் தலைக்கு மேல் தெரு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த உலோகப் பட்டை அலங்காரம் இல்லை. அதற்குக் கீழே ஒரு இடைவெளி இருக்கிறது. 50 மாடிக் கோபுரம் தன் எடையில் மண்ணுக்குள் அமுங்கும் அளவு வேறு, லேசான டனல் பெட்டி அமுங்கும் அளவு வேறு. இரண்டையும் கெட்டியாக ஒட்டி வைத்தால் சில வருடத்தில் விரிசல் விடும். அதனால் நடுவே இடைவெளி விட்டு, ரப்பர் தடுப்பு வைத்து நீர் வராமல் அடைத்து, மேலே நடப்பதற்குப் பட்டை போடுவார்கள். நிலத்தடிக் கட்டுமானத்தில் எங்கே கசியும் என்று கேட்டால் பாதி நேரம் விடை அந்த இணைப்புதான். சுவரில் மஞ்சள் கறையோ மேலே புதிதாக மாற்றிய ஒரு கூரைப் பலகையோ பட்டைக்கு நேராக இருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

தரை ஏன் இறங்கி ஏறுகிறது என்பதற்கும் தெருவே காரணம். பழைய நகரத்தின் தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர்க் கால்வாய், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள், எரிவாயு எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கேபிளை நகர்த்தி வைக்கலாம். சரிவில் ஓடும் கழிவுநீர்க் குழாயை நினைத்த இடத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. டனல்தான் அதற்குக் கீழே குனிந்து போக வேண்டும். இதில் கஷ்டமான வேலை தோண்டுவது இல்லை. பூமியின் மேலிருந்து தெருவைத் திறந்து, பெட்டியைக் கட்டி, மூடிவிடுவார்கள். போக்குவரத்து நிற்காமல் இருக்க ஒரு நேரத்தில் பாதித் தெரு. இந்தப் பழைய முறை பெரும்பாலும் போதும். பணமும் நாளும் கரைவது ஒவ்வொரு குழாய்க்காரரிடமும் பேசி அவரவர் சொத்தை நகர்த்துவதில்தான்.

நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த ஊரில் இன்னொரு தொல்லை: பெட்டி மிதக்கப் பார்க்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வெளி அளவு 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், சுவர் கனம் 40 சென்டிமீட்டர் என்று ஒரு கான்கிரீட் பெட்டி. ஒரு மீட்டர் நீளத்துக்கு அது விலக்கும் நீர் 20 கன மீட்டர், அதாவது 20 டன் மேல்நோக்கிய விசை. அதே ஒரு மீட்டரில் உள்ள கான்கிரீட்டின் எடை 16 டன் கூட வராது. நீர் மட்டம் கூரை வரை ஏறினால் பெட்டியைக் கீழே பிடித்து வைப்பது அதன் மேலே கிடக்கும் மண்தான். மேலே மண் கொஞ்சமாக இருந்தால் அடித்தளத்தை இரு பக்கமும் நீட்டி அதன் மேல் மண்ணை ஏற்றுவார்கள். அல்லது பூமிக்குள் பைல் என்கிற நீண்ட தூண்களை இறக்கிப் பெட்டியைக் கட்டிப் போடுவார்கள். நடந்து போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் ஒரு சாதாரண நடைவழி ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் விடையில் பாதி இதில் இருக்கிறது.

காந்தத்தில் நிற்கும் அந்தக் கதவுகள் தீக்கதவுகள். இரண்டு கோபுரங்களைக் கீழே இணைத்தால் ஒன்றின் புகை மற்றதுக்குள் போக வழி செய்து கொடுத்தது மாதிரி. அதனால் எல்லையில் கதவு வைத்து, அலாரம் அடித்ததும் காந்தம் விட்டு அது தானாக மூடிக்கொள்ளும்படி செய்வார்கள். நிலத்தடியில் தீப் பாதுகாப்பு எவ்வளவு அவசியம் என்று உலகத்துக்குக் கசப்பாகக் காட்டியது ஜப்பான். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஷிசுவோகா ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த நிலத்தடி கடைவீதியில் எரிவாயு வெடித்து 15 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். அதன் பிறகு அங்கே நிலத்தடி கடைவீதி என்றாலே விதிகள் இறுகிவிட்டன.

குளிர் ஊர்களில் கதவுக்கு வேறு வேலையும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் குளிர்காலத்தில் நிலத்தடி வழியில் நடந்தவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். சில கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும், சில இடத்தில் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். உயரமான கட்டடத்துக்குள் சூடான காற்று மேலே ஏறி உச்சியில் கசிந்து போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழே காற்றை உறிஞ்சும். கீழேதான் டனல் வாய் திறந்திருக்கிறது. ஆக ஒவ்வொரு கோபுரமும் ஒரு புகைபோக்கி போல பக்கத்துக் கட்டடத்தின் சூட்டை இழுக்கும். சுழல் கதவும் இரட்டைக் கதவும் அதனால்தான்.

இப்போது பூட்டு. ஹூஸ்டன் டனல் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6 முதல் மாலை 6 வரை. கடைகள் அதற்கும் முன்பே, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் ஷட்டரை இறக்கத் தொடங்கிவிடும். சனி ஞாயிறு ஆபீஸ் இல்லை, ஆபீஸ் இல்லையென்றால் வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நாளில் விளக்கு, ஏசி, காவலாளி சம்பளம் எல்லாம் கட்டடக்காரர் கைக்காசு. அவர் ஏன் திறந்து வைப்பார்? அதோடு சங்கிலியில் ஒரே ஒரு கட்டடம் பூட்டினாலும் வழி அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். நடுவில் ஒருவர் பராமரிப்பு என்று போர்டு மாட்டினால் மற்றவர்கள் எல்லோரும் தெருவுக்கு ஏறிச் சுற்றித்தான் போக வேண்டும்.

இறங்கும் வழியைக் கண்டுபிடிக்கவே நீங்கள் திண்டாடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெட்ரோவுக்கு இருப்பதுபோல் நடைபாதையில் படிக்கட்டு, மேலே பெயர்ப்பலகை என்று இங்கே இல்லை. பெரும்பாலான நுழைவுகள் ஏதோ ஒரு ஆபீஸ் கோபுரத்தின் லாபிக்குள் போய், லிஃப்ட்டிலோ எஸ்கலேட்டரிலோ இறங்குவதுதான். தெருவிலிருந்து நேராக இறங்க முடிகிற இடமாக வழக்கமாகச் சொல்லப்படுவது வெல்ஸ் ஃபார்கோ பிளாசா. அந்த லாபிகள் வெளியாள் தைரியமாக உள்ளே நுழையும்படி இருக்காது. பளிங்குத் தரை, மேசைக்குப் பின்னால் சீருடைக்காரர், மெம்பர் மட்டும் என்கிற தோரணை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் வா என்று கூப்பிடவும் இல்லை. வீடற்றவர் ஒருவர் ஏசிக்காக உள்ளே வந்து உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்லும் உரிமை கட்டடக்காரருக்கு உண்டு. தெருவில் அந்த உரிமை அவருக்கு இல்லை. பொதுத்தெருவுக்கும் இதற்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும்.

வெள்ளத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஹூஸ்டன் டவுன்டவுன் பஃபலோ பயூ என்ற ஆற்றை ஒட்டி இருக்கிறது. 2001 ஜூனில் ஆலிசன் என்ற வெப்பமண்டலப் புயல் வந்து நகரத்தின் மேலேயே தங்கிக் கொட்டியது. சில இடங்களில் ஒட்டுமொத்த மழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர். தெருவில் ஏறிய நீர் பார்க்கிங் சரிவுகள் வழியாக பேஸ்மென்ட்டுக்குள் இறங்கியது. ஒரு பேஸ்மென்ட்டில் இறங்கிய நீருக்கு டனல் என்ன, வாய்க்கால்தான். தன் வாசலை ஒழுங்காக அடைத்து வைத்திருந்த கட்டடத்துக்குள்ளும் அடைக்காத பக்கத்துக் கட்டடம் வழியாக நீர் வந்தது. நாடகக் கலையரங்கங்கள் இருக்கும் பகுதியில் ஹூஸ்டன் சிம்ஃபனி அடித்தளத்தில் வைத்திருந்த இசைக்கருவிகளையும் இசைத்தாள் நூலகத்தையும் இழந்தது. ஒரு வங்கிக் கோபுரத்தில் வேலை பார்த்த பெண், காரை எடுக்க லிஃப்ட்டில் கீழே இறங்கினார். லிஃப்ட் நேராக நீருக்குள் போய் அவர் இறந்தார். நிலத்தடிக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு மரணத்தைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. கீழ்த்தளத்தில் நீர் இருக்கிறது என்று லிஃப்ட்டுக்குத் தெரியாது, அதற்கு உணர்கருவி வைத்தால்தான் தெரியும்.

நகரத்தின் தெற்கே உள்ள டெக்சஸ் மெடிக்கல் சென்டரிலும் அதே இரவு அதே கதை. மருத்துவமனைகளை இணைத்த நிலத்தடி வழிகள் நீரைப் பங்கு போட்டுக் கொடுத்தன. அடித்தளத்தில் வைத்திருந்த மின்கருவிகள் மூழ்கி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டி வந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் ஆயிரக்கணக்கான விலங்குகள் செத்தன. அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் கப்பலில் இருப்பதுபோன்ற கனத்த நீர்த்தடுப்புக் கதவுகள் வந்தன. இன்று டனலில் நடக்கும்போது சுவருக்குள் மடங்கிய, சுற்றிலும் ரப்பர் விளிம்பு கொண்ட தடித்த இரும்புக் கதவைப் பார்த்தால் அது ஆலிசனின் வரவு. 2017இல் ஹார்வி புயல் வந்தபோதும் அந்தக் கலையரங்கப் பகுதியின் நிலத்தடி பார்க்கிங் மூழ்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவு இருக்கும் இடத்தில்தான் கதவு காப்பாற்றும். ஒரு கட்டடக்காரர் கதவு போட்டு அடுத்தவர் போடவில்லை என்றால், போட்டவர் தன்னை மட்டும் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. ஜப்பானின் ஃபுகுவோகாவில் 1999 ஜூனில் ஆறு கரை மீறி, ஹகாதா ரயில் நிலையப் பகுதியின் நிலத்தடிக்குள் நீர் புகுந்து, ஒரு கட்டடத்தின் அடித்தள உணவகத்தில் இருந்தவர் இறந்தார். நிலத்தடி இடங்களில் வெள்ள எச்சரிக்கையைச் சேர்ப்பது அங்கே சட்டத்துக்குள் வந்தது அதன் பிறகுதான்.

மற்ற நகரங்கள் இதை எப்படிச் செய்தன என்று பார்த்தால் ஹூஸ்டனில் என்ன குறை என்பது தெளிவாகும்.

டொராண்டோவின் பாத் (PATH) என்ற நிலத்தடி நடைவழி வலை அளவில் இன்னும் பெரியது, 30 கிலோமீட்டருக்கு மேல். உலகின் மிகப் பெரிய நிலத்தடி வணிக வளாகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. அதுவும் தனியார் துண்டுகளின் தொகுப்புதான். 1900இல் ஈட்டன்ஸ் என்ற பெரிய கடை தன் முதன்மைக் கடையையும் கிளையையும் இணைத்ததில் தொடங்கியது, 1920களின் இறுதியில் யூனியன் ரயில் நிலையத்துக்கும் ராயல் யார்க் ஹோட்டலுக்கும் ஒரு வழி வந்தது, 1960களுக்குப் பிறகு வங்கிக் கோபுரங்கள் சேர்ந்தன. வித்தியாசம், 1980களின் இறுதியில் மாநகராட்சி ஒருங்கிணைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சொந்தம் மாறவில்லை. ஒரே பெயர், ஒரே வரைபடம், ஒரே மாதிரி வழிகாட்டிப் பலகை வந்தன. PATH என்ற பெயரின் நாலு ஆங்கில எழுத்துக்கும் நாலு நிறம்: சிவப்பு தெற்கு, ஆரஞ்சு மேற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு. அழகான யோசனை. ஆனால் யாரும் சொல்லாமல் அதைப் புரிந்துகொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. கட்டடக்காரர்களுக்குத் தங்கள் கோபுரத்தின் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும், பொதுப்பலகை அடக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். கீழே சூரியன் இல்லை, தொலைவில் அடையாளம் காட்டக் கோபுரம் இல்லை, ஜிபிஎஸ் வேலை செய்யாது. மூன்று முறை திரும்பினால் வடக்கு எது என்று பத்து வருடம் அங்கே வேலை பார்த்தவருக்கும் தெரியாது. இருந்தாலும் பாத்தின் முதுகெலும்பாக யூனியன் நிலையமும் சப்வே நிலையங்களும் இருக்கின்றன. ஆட்கள் வந்து இறங்குவதே கீழேதான், அதனால் அங்கிருந்து ஆபீஸுக்கு நடக்கிற வழியாக அது உயிரோடிருக்கிறது.

அதே கனடாவின் மாண்ட்ரியால் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ரயில்பாதைக்காகத் தோண்டிப் போட்டிருந்த பெரிய பள்ளத்தின் மேல் 1962இல் பிளாஸ் வில் மரி என்ற கோபுர வளாகத்தைக் கட்டியபோது வின்சென்ட் பாண்ட் என்ற திட்டமிடுநர், நடப்பவர்கள் கீழே, கார்கள் மேலே என்று பிரித்து யோசித்தார். 1966இல் மெட்ரோ வந்தது. மெட்ரோ நிலையங்களுக்கு மேலே உள்ள நிலத்தை மாநகராட்சி விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்துக் கட்டடம் கட்டுகிறவர் கீழே வழி விட வேண்டும், மெட்ரோவோடு இணைய வேண்டும். பிடி நகரத்தின் கையில் இருந்ததால் கேட்க முடிந்தது. இன்று அந்த வலையும் 30 கிலோமீட்டரைத் தாண்டும், இரவு மெட்ரோ ஓடும்போதும் அதில் நடமாட்டம் இருக்கும்.

அதே வின்சென்ட் பாண்ட்டை டாலஸ் நகரம் அழைத்து 1960களின் இறுதியில் திட்டம் போடச் சொன்னது. டாலஸில் அப்போது மெட்ரோ இல்லை, டவுன்டவுனில் குடியிருப்பும் அநேகமாக இல்லை. காரில் வந்து, பார்க்கிங்கில் விட்டு, கீழே சாப்பிட்டு, காரில் திரும்பிப் போகிறவர்களுக்கு டனல் கிடைத்தது. மேலே தெருக்கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2002 முதல் 2007 வரை மேயராக இருந்த லாரா மில்லர், டாலஸ் எடுத்த மிக மோசமான நகர்த்திட்ட முடிவு அந்த டனல்கள்தான் என்றும், முடிந்தால் சிமென்ட் ஊற்றி அடைத்துவிடுவேன் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். ஒரே ஆள், ஒரே யோசனை, இரண்டு ஊர். ஒன்றில் அது மெட்ரோவில் வருகிற கூட்டத்துக்கு நடைவழி ஆனது, மற்றதில் தெருவை விட்டு ஆட்களை இறக்கும் குழாய் ஆனது.

டனல் தெருவைக் கொல்கிறது என்ற குற்றச்சாட்டு ஹூஸ்டனுக்கும் உண்டு. எனக்கு அதில் முக்கால்வாசி உடன்பாடு. மதியம் ஒரு மணி நேரம்தான் டவுன்டவுன் ஆபீஸ்காரர் வெளியே வருவார். அந்த ஒரு மணி நேரக் கூட்டத்தையும் கீழே அனுப்பிவிட்டால் தெருமட்டக் கடை எதை நம்பித் திறக்கும்? தெருமட்டத்தில் கடை இல்லாததால் சுவர், சுவர் என்பதால் நடக்க ஆளில்லை, ஆளில்லாததால் மாலையில் பயம், பயத்தால் இன்னும் ஆளில்லை. ஆனால் மீதிக் கால்வாசியில் நான் டனல் பக்கம். வெயிலில் சாலை கொதிக்கும்போது, நிழல் மரமோ தாழ்வாரமோ இல்லாத கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, கீழே போகிறவரை எப்படிக் குறை சொல்வது? 2020க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பழகிப்போனதும் முதலில் அடிபட்டது இந்தக் கீழ்க்கடைகள்தான். தெருக்கடைக்காவது மாலையில் வேறு ஆள் வர வாய்ப்பு உண்டு. ஆபீஸ் கூட்டத்தை மட்டுமே நம்பிய டனல் கடைக்கு, திங்களும் வெள்ளியும் கூட்டம் குறைந்தால் வாரத்தில் மிஞ்சுவது மூன்று நாள்.

பொதுத்தெருவாகவே கீழே ஒன்று கட்ட முடியுமா என்றால், ஜப்பானின் சப்போரோ கட்டியிருக்கிறது. ரயில் நிலையத்துக்கும் ஓதோரி பகுதிக்கும் நடுவே 2011 மார்ச்சில் திறந்த அந்த வழி சுமார் அரை கிலோமீட்டர். பொதுச் சாலையின் அடியில், பொதுப் பணத்தில் கட்டியது. 20 மீட்டர் அகலத்தில் நடுப்பகுதி நடக்க, இரு ஓரமும் உட்காரவும் சின்னச் சந்தை, கண்காட்சி நடத்தவும். ஆளுயரப் பனி கொட்டும் ஊர். எதையும் வாங்காமல் அங்கே உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். பக்கவாட்டில் உள்ள கட்டடங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. முதலில் பொதுவழி, பிறகு தனியார் இணைப்பு என்ற இந்த வரிசை ஹூஸ்டனில் நடந்ததற்கு நேர் எதிர்.

எல்லா ஊராலும் அப்படிச் செலவு செய்ய முடியாது. நடுவழியும் உண்டு. சிங்கப்பூரில் தெருவுக்கு அடியில் இணைப்புக் கட்டும் டெவலப்பருக்கு நகரத் திட்ட ஆணையம் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம் வைத்திருக்கிறது. பதிலுக்கு ரயில் ஓடும் நேரம் முழுதும் அந்த வழி பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஹூஸ்டனிலும் ஒரு தெருத்துண்டுக்கான அனுமதியைப் புதுப்பிக்கும்போதோ புதிதாகக் கொடுக்கும்போதோ மூன்று வரி சேர்த்தால் நிறைய மாறும் என்பது என் கருத்து: நடைபாதையிலிருந்து நேராக இறங்கும் படிக்கட்டும் லிஃப்ட்டும் ஒன்று, வார இறுதியிலும் திறந்திருக்கும் நேரம், இரு முனையிலும் நீர்த்தடுப்புக் கதவும் அதை ஆண்டுதோறும் மூடிப் பார்க்கும் சோதனையும். மூன்றில் கடைசி ஒன்றைத்தான் கட்டடக்காரர்கள் சண்டை போடாமல் ஒத்துக்கொள்வார்கள், ஆலிசனை அவர்கள் மறக்கவில்லை.

அதுவரை, நீங்கள் மறுபடி போனால் வார நாளில் பதினொன்றரைக்குள் இறங்கிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு வரிசை நீளும், இரண்டு மணிக்கு நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.